பூவரசன் காரின் இடது பின்கதவு

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றே கால் மணி. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கோகிலவாணி எட்டாம் வகுப்புக்கு முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் இரண்டு பக்கங்களைப் போட்டுவிட்டு மூன்றாவதை இழுக்கப் போன நேரம், மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது. மாது என்று பெயர் தெரிந்தது. பொம்மிடி ரயில் நிலையத்து வாசலில் அவள் கணவன் பூவரசனோடு வாடகைக் கார் நிறுத்துகிறவன். பள்ளி நேரத்தில் அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"அண்ணி, கார் சாவி எங்கிட்டதான் இருக்குதுங்க" என்றான் மாது.

"சாவி எதுக்கு உங்கிட்ட? அவரு எங்க?"

"வண்டியப் பூட்டிட்டேன். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டேன். மழ வந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"மாது, அவரு எங்க?"

அந்தப் பக்கம் ரயில் அறிவிப்பு மூன்று மொழியிலும் ஓடி முடிந்தது.

"அண்ணன் போயிடுச்சுங்க அண்ணி."

கோவை வண்டிக்கு ஒரு சவாரி ஏற்றி வந்திருக்கிறான் பூவரசன். வந்தவர்களிடம் இரண்டு மூட்டை புளி. வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. வேறு டிரைவராக இருந்தால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். பூவரசன் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேம்பாலப் படியேறி அந்தப்பக்கம் வைத்துவிட்டு, இரண்டாவதற்குத் திரும்பி வந்தவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததைப் பார்த்ததுமே மாது ஓடியிருக்கிறான். அந்த மனிதன் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அது உண்மைதான். கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் மணவறையை விட்டு எழுந்துபோய், கரகரத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் அவன். ஐயர் கையில் அட்சதையோடு காத்திருந்தார். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாப்பிள்ளைக்கு ஒடம்புல எறும்பு ஓடுதா?" என்று கோகிலவாணியின் சித்தப்பா கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. சோற்றில் கை வைத்தால் பாதியில் எழுவான். தொலைக்காட்சியை நின்றுகொண்டே பார்ப்பான். தூக்கத்திலும் காலை ஆட்டிக்கொண்டிருப்பான்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மோட்டார் ஓட்டுகிற மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலத்தில் வளர்ந்தவன். விளக்கு பிரகாசமானதும் கிணற்றுமேட்டுக்கு ஓடிப்போய் மோட்டார் போடுவது அவன் வேலையாக இருந்தது. "அந்த ஓட்டந்தான் நிக்கவே இல்ல" என்பாள் அவன் தாய் தீர்த்தம்மாள். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி பொம்மிடி ஸ்டாண்டில் நிறுத்தினான். வண்டி ஓடாத நேரத்தில் அதில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். ஹார்ன் மாற்றினான், சீட் மாற்றினான், கூரைக்கு விளக்கு வைத்தான். கண்ணாடிக்கு வந்ததுதான் கடைசி.

அந்தக் காரில் நான்கு கதவுக்கும் பட்டன் உண்டு, ஓட்டுநர் கதவிலேயே நான்கு கண்ணாடிக்கும் தனித்தனிப் பட்டன் உண்டு. ஆனால் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கண்ணாடி நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை. பூவரசனுக்கோ பாதிச் சவாரி சித்தேரி மலைக்கு. மலையில் சாமையும் தினையும் விளைவிக்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கீழே வந்து போகிறவர்கள், அவனைத்தான் கூப்பிடுவார்கள். நடந்தால் ஒரு நாள் முழுக்க நடப்பார்கள். காரில் ஏறினால் மூன்றாவது வளைவில் குமட்டும். குமட்டுகிறவர் ஒரு கையால் வாயைப் பொத்துவார், மறு கையால் முன்சீட்டைப் பிடிப்பார். பட்டனை அமுக்க மூன்றாவது கை கிடையாது. டிரைவரும் வளைவில் ஒரு கையை ஸ்டியரிங்கிலும் ஒரு கையைக் கியரிலும் வைத்திருப்பான். அவனுக்கும் மூன்றாவது கை இல்லை.

"ஜன்னலத் தொறந்தே வெச்சிக்கினு போயேன்ணா" என்றான் மாது ஒருநாள் ஸ்டாண்டில்.

"தொறந்தா குளிரு காத்து மூஞ்சில அடிச்சி தலைய சுத்துதுங்கறாங்க. மூடுனா வயித்தப் பொரட்டுதுங்கறாங்க. மூடவும் வேணும், கேட்ட ஒடனே தொறக்கவும் வேணும். ஒரே தட்டு. தட்டுனா சர்ருனு எறங்கிடணும்."

"பெரிய கார்ல எல்லாம் அப்பிடி இருக்குது. பெரிய கார் வாங்கு."

"எதுக்கு? எங்க கெணத்து மோட்டருக்குப் பச்ச பட்டன ஒரு தடவதான அமுக்கறேன். அமுக்கிப் புடிச்சிக்கினு கெணத்துமேட்டுலயேவா நிக்கறேன்?"

அப்படிப் பிறந்ததுதான் அந்த யோசனை. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில், பட்டனை விட்ட பிறகும் கரண்டைப் பிடித்துவைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கும். அதே முறையில் கார்க் கதவுக்கும் ஒரு ரிலே சுவிட்சை வைத்து, எல்லோரும் குமட்டுகிற இடது பின்கதவில் முதலில் மாட்டினான். தட்டினான். சர்ரென்று இறங்கியது. வீட்டு வாசலில் நின்று கை தட்டியவன் அவன் ஒருவன்தான் என்றாலும், பெரிய கூட்டமே தட்டியது போல அவன் முகம் இருந்தது.

மறுநாளே சித்தேரிக்கு மேலே இருக்கிற சின்ன ஊருக்கு, சின்னக்கண்ணுவைக் கொண்டுபோய் விடப் போனான். சந்தையில் சாமை விற்றுவிட்டுக் காலி சாக்குகளோடு திரும்பிக்கொண்டிருந்த மலை விவசாயி அவர். பாதி மலையில் அவர் "தம்பி" என்றதும் பூவரசன் பெருமையோடு ஒரு தட்டுத் தட்டினான். கண்ணாடி இறங்கியது. இறங்கி முடிந்த பிறகும் கதவுக்குள்ளே உறுமல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது. அதற்குப் பிறகு உறுமலும் நின்றது. கண்ணாடி மேலேறவே இல்லை. தூறல் பிடித்துக்கொண்டது. குடையைக் காருக்குள் விரிக்க முடியாமல், சின்னக்கண்ணு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டிரைவர் தம்பி, உள்ள ஒக்காந்து நனையறதுக்கு நான் பஸ்ஸு மேல ஏறியே வந்திருப்பனே" என்றார்.

அன்று மாலை கோகிலவாணி கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "கெணத்துல தண்ணி தீராதுங்க, மோட்டரு ஓடிக்கினே இருக்கும். கண்ணாடி ரெண்டடி எறங்குனா தீந்துபோச்சு. அப்பறம் அந்த மோட்டரு எங்கதான் போவும்?"

அவன் சோற்றுத்தட்டில் கை வைத்தபடியே யோசித்தான். பிறகு அவள் அடக்கிய சிரிப்பையும் சேர்த்து அவனே சிரித்தான். மறுநாள் ஸ்டாண்டில் அவனே போய் எல்லோரிடமும் சொன்னான். மாதுவுக்கு அது பல மாதத்துக்குத் தாங்கியது. "கதவுக்கு மட்டுமா? உனுக்கும் பச்ச பட்டன் மட்டுந்தான் வெச்சிருக்குது. செவப்பு வெக்க மறந்துட்டாங்க" என்பான். பூவரசன் போன பிறகு அந்த வார்த்தையை மாது தன் வாயால் எடுக்கவே இல்லை.

பழைய மோட்டார் ஒன்று தேடி அந்தக் கதவைப் பழையபடி ஆக்கினான். பிறகு சேலத்துக்குப் போய், இதற்கென்றே விற்கிற சின்னக் கறுப்புப் பெட்டிகள் நான்கு வாங்கிவந்தான். கதவுக்கு ஒன்று. கண்ணாடி முட்டி நின்றதும் அதுவே தெரிந்துகொண்டு கரண்டை நிறுத்திவிடும். ஒரே தட்டில் இறங்கும், ஒரே தட்டில் ஏறும். அவன் ஓட்டுநர் கதவில் முதல் பெட்டியை மாட்டி வாசலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது, கோகிலவாணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். நாலு வெண்டைக்காயைச் சேர்த்துப் பிடித்து, ஏறுகிற கண்ணாடிக்கு மேல் நீட்டினாள். கண்ணாடி நிற்காமல் ஏறியது. நாலும் நறுக்கென்று முறிந்து பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் விழுந்தன.

"இது ஒரு கொழந்த வெரலு" என்றாள்.

"பெரிய காருல தடுக்குனா திரும்ப எறங்கிக்கும். இதுல அது இல்ல."

"இல்லன்னா ஏத்தறது வேணாம். எறங்கறது ஒரே தட்டுல எறங்கட்டும். ஏத்தறது பழையபடி அமுக்கிப் புடிச்சே ஏறட்டும்."

"பாதி வேலைக்கா நாலு பொட்டி வாங்கியாந்தேன்?"

"வாந்திக்குத்தான வாங்கனீங்க? வாந்தி எடுத்துட்டு அவசரமா கண்ணாடி ஏத்தறவங்க யாரு?"

அவன் பெட்டியை மறுபடி கழற்றினான். ஏற்றுகிற ஒயரை மட்டும் பெட்டியில் சேர்க்காமல் விட்டான். அன்று குழம்பில் நாலு வெண்டைக்காய் குறைந்திருந்தது. தீர்த்தம்மாள் மட்டும் அதைக் கேட்டாள்.

சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே முன்கதவுகள் இரண்டும், வலது பின்கதவும் முடிந்தன. ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி ஒவ்வொரு முறையும் உடையும். கோகிலவாணி அட்டையைத் தாங்கிப் பிடிப்பாள். அவன் உள்ளே கைவிட்டு ஒயர் தேடுவான். கருகிய மோட்டாரின் ஞாபகத்தில் இடது பின்கதவைக் கடைசிக்குத் தள்ளினான். "அது எம்மேல கோவமா இருக்குது. கடைசியா சமாதானம் பண்ணிக்கலாம்" என்றான். ஏறுகிறவர்களிடம், "மோட்டரு ஸ்டார்ட்டர் மாதிரிங்க. ஒரு தட்டு தட்டி வுட்டுடுங்க" என்று சொல்லிக்கொடுத்தான். காடு கழனியில் வேலை செய்கிறவர்களுக்கு அது உடனே புரிந்தது.

சின்னக்கண்ணுவின் மகள் சந்தியா கர்ப்பமாக இருந்தாள். அவள் புருஷன் செல்லன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததால் அவளை மாதாமாதம் அரூர் அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இடது பக்கமாகச் சாய்ந்தே படுக்கவும் உட்காரவும் வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் காரில் அவளுக்கு இடது பின்கதவுதான். கடைசியாக வந்தபோது இறக்கத்தில் குமட்டிவிட்டது. பூவரசனின் கை கியரில் இருந்தது. பட்டனுக்குப் போவதற்குள் எல்லாம் அவள் புதுச் சேலையிலும் சீட்டிலும் ஆகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டியதும் அவள் சேலைத் தலைப்பாலேயே சீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே துடைத்தாள்.

"வுடு கண்ணு, நான் கழுவிக்கறேன்."

"இனிமே நான் எந்த வண்டியிலயும் ஏறமாட்டேன்ணா. ஆவறது மலைமேலயே ஆவட்டும்."

"அப்பிடிச் சொல்லாத. அடுத்த தடவ நீ வரப்ப இந்தக் கண்ணாடி ஒரே தட்டுல எறங்கும். எறங்கலன்னா நான் டிரைவர் வேலையவே வுட்டுடறேன்."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தக் கதவின் அட்டையைக் கழற்றினான். ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது, அவசரச் சவாரி. இரண்டே கிளிப்பில் அட்டையைத் தொங்கவிட்டு, கறுப்புப் பெட்டியை டேஷ்போர்டில் இருக்கிற முன்பக்க அறையில் போட்டுவிட்டுக் கிளம்பினான். நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். அதற்குப் பிறகுதான் புளி மூட்டை.

அடக்கம் முடிந்தது. கோவையில் நர்சிங் படிக்கிற மகள் வந்து, பால் தெளித்த பிறகு தேர்வுக்குத் திரும்பிப் போனாள். கருமாதி வரைக்கும் கோகிலவாணி வாசற்படி தாண்டக்கூடாது. உறவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாது கொண்டுவந்து நிறுத்திய கார் எதிரே புங்க மரத்தடியில் நின்றது. ஒருநாளும் இப்படிச் சும்மா நின்றிராத கார். மாது விரலைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிட்டதில் இடது பின்கண்ணாடி முழுக்க மூடவில்லை, விரலளவு சந்து இருந்தது. காற்று அதில் நுழைந்தபோதெல்லாம் தொங்குகிற அட்டை கதவில் மோதி டக் டக்கென்றது. அந்தச் சத்தம் கேட்டதும் கோகிலவாணி எழுவாள். எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. தண்ணீர்ச் சொம்பை எடுத்து வேறு இடத்தில் வைப்பாள். மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். ஜன்னலுக்குப் போவாள், வருவாள்.

"உக்காருமா. நீயும் அவனாட்டமே ஆயிட்டியா?" என்றாள் தீர்த்தம்மாள். உட்கார்ந்தாள். டக் டக். மறுபடி எழுந்தாள்.

அப்படி எழுந்து நின்ற ஒரு மாலையில்தான் பூவரசனின் கைபேசி ஒலித்தது. அதை அணைக்க மனமில்லாமல் அவள்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். பேசியவர் சின்னக்கண்ணு. அவர் ஊரில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். காற்றின் இரைச்சல் முதலில் வந்தது.

"டிரைவர் தம்பி இருக்குதுங்களா தாயி? சந்தியாவ நாளைக்கே அட்மிட்டு ஆவச் சொல்லி நர்சம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. பிரஷரு ஏறிக்கெடக்குது. காலெல்லாம் வீங்கிக்கெடக்குது. யாரு சொன்னாலும் மாட்டேன்னவ, தம்பி வண்டின்னா வரேன்னு இப்பத்தான் ஒத்துக்கினா. கண்ணாடி ஒரே தட்டுல எறங்கும்னு தம்பி சொல்லிருக்குதாம்."

அவள் சொன்னாள். எந்த வார்த்தையில் சொன்னாள் என்பது பிறகு அவளுக்கே ஞாபகமில்லை.

"எங்களுக்குச் சேதியே வரலயே தாயி. ஒரு கை மண்ணு போட்டிருப்பனே" என்றார் அவர். பிறகு, "நீங்க உள்ள போங்க. நாங்க பாத்துக்கறம்."

"எப்பிடிப் பாத்துப்பீங்க? ஆம்புலன்ஸு கூப்புடுங்க."

"அதுல கண்ணாடியே தொறக்காதுன்னு ஏறமாட்டேங்கறா. நோவு கண்டா தூக்கிப் போட்டுக்கினு வரவேண்டியதுதான். வர வரைக்கும் தாங்கணும்."

அவள் மாதுவைக் கூப்பிட்டாள். முகூர்த்த நாள். ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. மாது ஒகேனக்கல்லில் இருந்தான், நாளைக்கும் அங்கேயேதான். "நாள மறுநாள் நானே போறேன் அண்ணி. ஒரு நாள்ல என்னா ஆயிடும்?" என்றான். அவன் சொன்னதும் அவனுக்கே அது சரியாகப் படவில்லை போல. "இல்ல, நான் வேற யாரையாச்சும் பாக்கறேன்" என்றான். யாரும் அகப்படவில்லை.

காலையில் கோகிலவாணி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். லைசன்ஸ் இருந்தது. பூவரசனே பள்ளி மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்து வாங்கவைத்தது. மலையில் ஓட்டியதில்லை.

தீர்த்தம்மாள் வாசலில் நின்றாள். "கருமாதி முடியாம படி தாண்டுவியா? ஊரு என்னா பேசும்?"

"பேசட்டுங்க அத்த. அவரு ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கறாரு."

"சொன்னவனே போயிட்டான்."

"கேட்டவ இருக்கறாளே அத்த."

தீர்த்தம்மாள் உள்ளே போனாள். கோகிலவாணி காரில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அதுவரை அது அவன் கால் நீளத்துக்கு இருந்தது. முன்பக்க அறையைத் திறந்தாள். கறுப்புப் பெட்டி ஒயர் சுற்றியபடி கிடந்தது. மூன்று கதவுக்கு அட்டை பிடித்தவள்தான். ஆனால் எந்த ஒயர் எதில் சேரும் என்று அவள் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் அவள் பார்த்தது அவன் முகத்தை, வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடித் தேடுகிற முகத்தை. அறையை மூடினாள்.

பின்கதவு திறந்தது. தீர்த்தம்மாள் எலுமிச்சம்பழமும் பழைய துணிகளும் பிளாஸ்டிக் பையுமாக ஏறி உட்கார்ந்தாள்.

"மல ஓட்டுவியா?"

"ஓட்டுனதில்ல அத்த."

"அப்ப மெதுவாப் போ. ஊரு பேசறது ரெண்டு பேரையும் சேத்தே பேசட்டும்."

ஏற்றம் முழுக்க முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹார்னை அமுக்கினாள். எதிரே பஸ் வந்தபோது வண்டி நின்றுவிட்டது. பஸ் டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்தவர், காரை அடையாளம் கண்டு பஸ்ஸைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். பின்னால் அட்டை டக் டக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. "அது ஒண்ணு" என்று தீர்த்தம்மாள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சந்தியா துணிமூட்டையோடு பாதையோரமே நின்றிருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. கோகிலவாணியைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் பார்வை கதவுக்குப் போனது.

"அந்தக் கண்ணாடி..."

பொய் சொல்லியிருக்கலாம். மேலே ஏறி வந்த வழி முழுக்கக் கோகிலவாணி ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் வந்தாள். "ஆவலம்மா. மூணு கதவு ஆச்சு. உன்னுது ஆவல. வலது பக்கம் ஒக்காந்துக்கறியா?"

"டாக்டரு இடது பக்கந்தான் சாயணும்னு சொல்லிருக்காங்கக்கா."

சந்தியா ஓர் அடி பின்னால் வைத்தாள். சின்னக்கண்ணு மகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவள் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துவிட அதிக நேரமாகாது என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. பின்சீட்டிலிருந்து தீர்த்தம்மாளின் குரல் வந்தது.

"எம்மவன் செஞ்சது மூணு. நாலாவது கண்ணாடிக்கு நான் இருக்கறேன். ஏறு தாயி."

சந்தியா அந்தப் பெண்மணியைப் பார்த்தாள். மகனை இழந்த முகம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஏறினாள். சின்னக்கண்ணு முன்னால் உட்கார்ந்தார். தீர்த்தம்மாள் நடுவில் நகர்ந்து, சந்தியாவுக்குக் குறுக்கே கையை நீட்டி, ஆள்காட்டி விரலைப் பட்டன்மேல் வைத்தாள்.

இறக்கத்தில் தூறல் விழுந்தது. குளிர்காற்று ஆகாது என்று கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். வளைவுகள் தொடங்கிய இடத்தில் முன்னால் ஒரு லாரி, புகையை அப்படியே இவர்கள்மேல் ஊதிக்கொண்டு போனது.

"அக்கா" என்றாள் சந்தியா.

கோகிலவாணியின் விரல் தன் கதவிலிருந்த இடது பின்கண்ணாடிப் பட்டனுக்குப் போய் ஒரு தட்டுத் தட்டியது. கண்ணாடி கொஞ்சம் இறங்கி நின்றது. அதற்கு மேல் அந்தக் கதவுக்குத் தெரியாது. எதிரே வளைவு, அந்தப்பக்கம் ஹார்ன் சத்தம். அவள் கை கியருக்குத் திரும்பிவிட்டது.

"நீ ரோட்டப் பாரு!" என்று தீர்த்தம்மாள் கத்தினாள். விரல் அழுந்தியது. கண்ணாடி கீழே போனது. சந்தியாவின் தலை வெளியே போனது. எல்லாம் வெளியே, முழுக்க வெளியே. சேலையில் ஒரு சொட்டு இல்லை. தீர்த்தம்மாள் மறு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"ஆச்சா? ஏத்தவா?"

"ஏத்துங்க ஆத்தா."

அடுத்த வளைவில் மறுபடி. அதற்கடுத்ததில் வெறும் பயம்தான், ஆனாலும் இறக்கினாள். கண்ணாடி முழுக்க இறங்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை. முழுக்க ஏறிய பிறகும் எடுக்கவில்லை. "அம்மா, போதும், வெரல எடுங்க. மோட்டரு கருகிடும்" என்றார் சின்னக்கண்ணு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த அனுபவத்தில். காருக்குள் யாரோ சிரித்தார்கள். அது தான்தான் என்று கோகிலவாணிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

மலை முடிந்து சமதளம் வந்தபோது சந்தியா தீர்த்தம்மாளின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். கோகிலவாணி பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். தீர்த்தம்மாள் தன் ஆள்காட்டி விரலை மறுகையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"வெரலே வுட்டுப்போச்சு" என்றாள் மெதுவாக, உறங்குகிறவள் எழுந்துவிடாதபடி. "சரியாத்தான் யோசிச்சிருக்கறான் எம்மவன்."

சாவு வீட்டில் எல்லோரும் அழுதபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவள் அவள். இப்போது அவள் தலையைத் திருப்பி வெளியே பார்த்தாள். கோகிலவாணி அதற்கு மேல் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அரூரில் சந்தியாவை உடனே சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலமாக மலையேறினார்கள், மாதுவின் வண்டியில், எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டுக்கொண்டு. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சின்னக்கண்ணு வழி முழுக்கத் திட்டிக்கொண்டு போனதாக மாது வந்து சொன்னான்.

கருமாதி முடிந்தது. கோகிலவாணி பள்ளிக்குப் போகிறாள். விடுமுறை நாட்களில் மலையிலிருந்து யாராவது கூப்பிட்டால் காரை எடுக்கிறாள். தீர்த்தம்மாளும் கேட்காமலே பின்னால் ஏறிக்கொள்கிறாள். வீட்டுக்குள் இருக்கிற நேரத்தில் கோகிலவாணிக்குச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிப்பதில்லை. "அந்த ஒரு கதவையும் முடிச்சிக் குடுத்துடட்டுங்களா அண்ணி? அர மணி நேர வேலதான்" என்று மாது இரண்டு முறை கேட்டுவிட்டான். இரண்டு முறையும் அவள், பின்சீட்டில் ஏறியிருந்த தீர்த்தம்மாளைப் பார்த்துவிட்டு, "இரு" என்றாள்.

கறுப்புப் பெட்டி ஒயர் சுற்றியபடி முன்பக்க அறையில் இருக்கிறது. அட்டை இரண்டு கிளிப்பில் தொங்குகிறது. இடது பின்கதவின் கண்ணாடி இன்னும் அமுக்கிப் பிடித்தால்தான் இறங்குகிறது.